மாப்பிள்ளைக்கு அழுத மண்டபம்

திரை முழுக்க ஒரே முகம். வலது கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு புறப்படுகிறது. கன்னத்தில் கொஞ்சம் தயங்குகிறது. பிறகு தாடை வரைக்கும் இறங்கி அங்கேயே நிற்கிறது.

இடம் திருமலைராயன்பட்டினத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வெளிச்சம் வராமலிருக்க ஜன்னலுக்கெல்லாம் பந்தல்காரரிடம் வாங்கிய நீலத் துணி கட்டியிருந்தோம். இருநூறு பேர் இருப்பார்கள். அத்தனை பேர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் "ச்சு" என்று ஒரு சத்தம் வந்தது.

"பாவம், புள்ள அழுவுது" என்றார் முன்வரிசையிலிருந்த என் பெரியத்தை.

நான் பின்னால் ஒலிபெருக்கி மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த முகம் எங்கள் படத்தின் வில்லனுடையது. அந்தக் காட்சியில் அவன் கட்டிய மனைவியிடம் போனில் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்தச் சொட்டு கண்ணீரும் இல்லை. சித்திரை மாதத்தில் கம்பளிச் சட்டை போட்டு உட்கார வைத்ததால் வழிந்த வேர்வை.

படம் எடுத்தவன் நான். கதை எழுதியது என் தங்கை சுகந்தி. அவள் பெரியத்தைக்கு இரண்டு நாற்காலி தள்ளி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அன்றைக்கு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் நான் கொஞ்சம் ஊர் சுற்றித்தான் வர வேண்டும்.

இருமல் வந்த பண்ணையார்

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். காரைக்காலில் கல்யாண வீடியோ எடுப்பவன். இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: கேமரா என்னுடையது, எடிட்டிங் சாதிக்குடையது. சாதிக் திருமலைராயன்பட்டினத்துப் பையன். பையன் என்றால் நாற்பதைத் தாண்டியவன். கல்யாணம், நிக்காஹ், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் இருவரும் சேர்ந்தே போவோம்.

வில்லனுக்காகப் பாவப்படுவது எங்கள் வீட்டில் புதிதில்லை. அது குடும்ப வியாதி.

எங்கள் அம்மா ஒரு பண்ணையாருக்காக அழுதவர். ஏதோ ஒரு பழைய படம், பெயர் நினைவில்லை. பண்ணையார் குடிசையைக் கொளுத்துவார், கூலிக்காரரைத் தூணில் கட்டி அடிப்பார். கெட்ட பழக்கம் உள்ளவர் என்று காட்டுவதற்காக இயக்குநர் அவர் கையில் ஒரு சுருட்டைக் கொடுத்திருந்தார். சுருட்டு இருந்தால் இருமல் வேண்டாமா? அதையும் கொடுத்தார். அங்கேதான் கெட்டது காரியம்.

மூன்றாவது இருமலில் அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீடு நிறைய வேலைக்காரர்கள் இருந்தும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லையே என்று எங்களிடம் புலம்பினார். குடிசை எரிந்த குடும்பம் திரையில் தெருவில் நின்றுகொண்டிருந்தது. அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா அவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

பிறகு நான் பள்ளிக்கூடம் படித்தபோது ஒரு கடத்தல்காரன் படம் வந்தது. கடத்தல் கூடாது என்று சொல்வதற்காகவே எடுத்த படம். தொடக்கத்தில் எழுத்துப் போட்டே சொன்னார்கள். அந்தக் கடத்தல்காரனுக்கு ஒரு வீடு, ஒரு அம்மா, அந்த அம்மா கையால் மீன் குழம்பு. அவனைப் பிடிக்க வந்த அதிகாரிக்கு ஒரு ஜீப் மட்டும். பாவி மனுஷன் படம் முழுக்க ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை.

கடைசியில் அந்த அதிகாரி கடமையைப் பற்றி நீளமாகப் பேசியபோது நாங்கள் சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தோம். மறுநாள் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார்கள். கடத்தல்காரன் காலர் அப்படித்தான் இருந்தது.

அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு உண்டு. எந்தப் படத்துக்குப் போனாலும் முதல் பத்து நிமிடத்தில் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பேன். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோமோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவோம். அவன் கொலைகாரனாக இருந்தாலும் சரி, அவன் வீட்டுச் சோற்றின் வாசனை நமக்குத் தெரிந்துவிட்டால் அவன் நம்முடைய ஆள். படம் எடுத்தவர் மனதில் என்ன நினைத்தார் என்பதெல்லாம் அப்புறம்.

இவ்வளவு தெரிந்தவன் தன் சொந்தப் படத்தில் அதே குழியில் விழலாமா? விழுந்தேன். கேமராவோடு விழுந்தேன்.

நேஷனாலிட்டி உள்ள பையன்

காரைக்காலில் "நேஷனாலிட்டி உள்ள பையன்" என்று சொன்னால் எந்த நாடு என்று யாரும் கேட்பதில்லை. பிரான்ஸ்தான். தாத்தா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்திருப்பார். அதனால் பேரன் பிரெஞ்சுக் குடிமகன். அப்படி ஒரு பையன் லீவில் வந்து இறங்கினால் பெட்டியைத் திறப்பதற்குள் தரகர் வாசலில் நிற்பார். கல்யாணத்தை முடித்துப் பெண்ணை இங்கே விட்டுவிட்டுப் போய், அங்கிருந்து விசாவுக்குப் பேப்பர் போட்டு அழைத்துக்கொள்வது வழக்கம். முக்கால்வாசிப் பேர் ஒழுங்காக அழைத்துக்கொள்கிறார்கள். சுகந்திக்கு வாய்த்தவன் அழைத்துக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு நாற்பது நாள் எங்கள் வீட்டில் இருந்தான். அப்பாவுக்குக் கால் பிடித்துவிட்டான். அம்மாவுக்கு நேரம் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தான். பிறகு போனான். இந்த மாதம் பேப்பர் வரும், அடுத்த மாதம் வரும், ஆபீசில் வேலைநிறுத்தம் என்று இரண்டு வருடம் போனில் இழுத்தான். அங்கே அவனுக்கு ஏற்கெனவே மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருப்பது, லீவில் வந்த வேறொருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. சுகந்தி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விண்ணப்பத்தை அவன் எந்த ஆபீசிலும் கொடுக்கவே இல்லை. வழக்கு நடக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டாமென்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

அவன் செய்ததைவிட, அதற்குப் பிறகு ஊர் கேட்டதுதான் சுகந்தியை அதிகம் வாட்டியது. எல்லோருக்கும் ஒரே கேள்வி. "படிச்ச பொண்ணு, உனக்கு ஒரு சந்தேகம்கூடவா வரல?" அவள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேறு. பெரியத்தை வரிச்சிக்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்து கேட்டுவிட்டுப் போவார். பாரிஸ் ஆசை கண்ணை மறைத்துவிட்டது என்று விசேஷ வீடுகளில் நாலு பேரிடம் சொல்வார்.

பெரியத்தையை மட்டும் சொல்வானேன். ஒருநாள் கோபத்தில் நானும் அதையே கேட்டேன். சுகந்தி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கல்யாணத்தன்று அவனை அவ்வளவு அழகாகப் படம் பிடித்துக் கொடுத்தவன் நான்தான் என்பது அப்போது எனக்கு வசதியாக மறந்து போயிருந்தது. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் ஒருநாள் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவளே ஸ்டுடியோவுக்கு வந்தாள். படம் எடுக்கலாம் என்றாள். ஐம்பது நிமிடப் படம். கதையில் அவனுக்குப் பெயர் கிடையாது, எல்லோரும் "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாக் காட்சியிலும் அவன் இருக்க வேண்டும். மனைவி இரண்டு காட்சியில் வந்தால் போதும். ஏனம்மா இப்படி என்று கேட்டேன்.

"என்னைப் பாத்துப் பாவம்னு சொல்றதுக்கு ஒரு படம் வேணாம்ணே. அவன் எப்பேர்ப்பட்டவன்னு சனங்க ஒரு தடவை கண்ணால பாக்கட்டும். அதுக்கப்புறம் அந்தக் கேள்வியை யாரும் என்கிட்ட கேக்கக் கூடாது."

செருப்பு, கடிகாரம், முகம்

அந்த நாட்களைப் போல நான் குதூகலமாக வேலை செய்ததே இல்லை. இருபது வருடமாக ஊரார் கல்யாணத்தை எடுத்தவனுக்கு முதல்முறையாக "ஆக்ஷன்" என்று சொல்ல வாய்த்தது. முதல் நாள் அதைச் சொல்லவே எனக்குக் கூச்சம். "ஆரம்பிக்கலாம்ங்க" என்றேன்.

வில்லனாக நடித்தவர் போலகத்துக் குமரேசன். மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் வண்டி ஓட்டுகிறவர். நல்ல உயரம், களையான முகம், திருவிழா நாடகத்தில் நடித்த பழக்கம். ஒரே ஒரு குறை, மனுஷனுக்குக் கத்த வராது. மனைவியை அதட்டித் தள்ளுங்கள் என்றால் "கொஞ்சம் நகந்துக்கம்மா" என்பார். நானும் சரி, இயல்பாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

என் கை செய்த வேலை அதைவிட மோசம். கல்யாணத்தில் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினால் கேமராவைத் தாழ வைத்து முதலில் செருப்பு, அடுத்து கைக்கடிகாரம், அப்புறம் மெதுவாக முகம். முகத்துக்குப் பின்னால் ஒரு விளக்கு இருந்தால் தலைமுடி ஓரமெல்லாம் பளபளக்கும். இதை நான் யோசித்துச் செய்வதில்லை. குமரேசன் ஏமாற்றுக்கார மாப்பிள்ளையாக ஆட்டோவிலிருந்து இறங்கினார். நான் செருப்பு, கடிகாரம், முகம் என்று எடுத்தேன். பிரமாதம் என்று சாதிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

சாதிக் வீட்டு மாடி அறைதான் எங்களுக்குப் பாரிஸ். மின்விசிறியைப் போட்டால் திரைச்சீலை ஆடுகிறது, குளிர்காலம் கலைந்துவிடும் என்று நிறுத்திவிட்டோம். குமரேசனுக்குக் கம்பளிச் சட்டை, மப்ளர், கையுறை. எட்டிப் பார்த்த சாதிக்கின் வாப்பா, இந்த வெயிலில் பிள்ளையை இப்படிப் போட்டு வதைத்தால் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று எங்களைத் திட்டிவிட்டு, கையோடு ஒரு செம்பு மோர் அனுப்பிவைத்தார். அந்த அறையில் குமரேசன் தனியாக உட்கார்ந்து ஊறுகாய் தொட்டுச் சோறு சாப்பிடுகிற காட்சியும் எடுத்தோம். எங்கள் அம்மா அப்போது உயிரோடு இருந்திருந்தால் அந்த இடத்திலேயே என்னை எச்சரித்திருப்பார்.

அங்கே எடுத்ததில் முக்கியமானது ஒரு காட்சி. சுகந்தி நோட்டில் அடியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாள். மனைவி கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தை மாப்பிள்ளை மடிக்கிறான். மேசை டிராயரில் போட்டு மூடுகிறான். அந்தப் பேப்பர் எங்கேயும் போகப் போவதில்லை என்பது பார்ப்பவர்களுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட வேண்டும். மிகத் தெளிவாக எடுத்தோம். டிராயர் மூடுகிற சத்தத்தைச் சாதிக் தனியாகப் பதிந்து சேர்த்தான்.

எடிட்டிங்கில் அவன் பங்குக்கு அவன் செய்தான். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை முகம் சுளித்தால் அந்தத் துண்டை வெட்டிவிடுவோம். கொட்டாவி, எரிச்சல், ஓரப்பார்வை எல்லாமே குப்பைக்குப் போகும். குமரேசன் அரும்பாடுபட்டுக் கொடுத்த நாலைந்து முறைப்பும் அதே பழக்கத்தில் குப்பைக்குப் போயின. மாப்பிள்ளை தனியாக நடந்தால் புல்லாங்குழல் போடுவது சாதிக்கின் வழக்கம். அதையும் போட்டான்.

சுகந்திக்கு அப்போது பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. முழுப் படத்தை அவள் மண்டபத்தில்தான் முதல்முறையாகப் பார்த்தாள்.

கைதட்டல்

சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், சுகந்தியின் பள்ளி டீச்சர்கள், சாதிக்கின் பட்டினத்துக் கூட்டம் என்று மண்டபம் நிறைந்துவிட்டது. வாசலில் வடை மாதிரியான இறால் வாடாவைச் சுடச்சுடப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் வாசனையோடுதான் படம் ஆரம்பித்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

செருப்பு வந்தது, விசில் அடித்தார்கள். கடிகாரம் வந்தது, இன்னும் பலமாக அடித்தார்கள். முகம் வந்தபோது பெண்கள் வரிசையில் ஒரு சலசலப்பு. டிராயர் மூடிய சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. அடப்பாவி என்று இரண்டு மூன்று பேர் சொன்னது என் காதில் விழுந்தது. அப்பாடா, பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் அவன் தனியாக ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டான். மண்டபம் மெதுவாக அவன் பக்கம் சாய்வது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. தலைகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. போன் காட்சியில் வேர்வை இறங்கியது, "ச்சு" வந்தது. கடைசியில் அங்குள்ள மனைவிக்கு விஷயம் தெரிந்து அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். அவன் பெட்டியோடு தெருவில் நிற்கிறான், புல்லாங்குழல். பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

படம் முடிந்தது. அப்படி ஒரு கைதட்டல். குமரேசனைச் சுற்றிக் கூட்டம். ஒரு அம்மாள் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். குமரேசனின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றே பதில் சொன்னார்.

பெரியத்தை என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். மண்டபத்துக்கே கேட்கிற குரல் அவருக்கு.

"அவன் என்னடா பண்ணுவான், பாவம்? பேப்பர் வரலைன்னா அவன் என்ன பண்ணுவான்? ஊர்ல இருந்த அந்தப் பொண்ணு இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் தலையாட்டினார்கள். என் தங்கையை அவன் ஒரு தடவை ஏமாற்றினான். அவள் சாட்சி சொல்ல வந்த இடத்தில் நான் இன்னொரு தடவை ஏமாற்றிவிட்டேன் என்று தோன்றியது. சாதிக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டான். நான் சுகந்தியைத் தேடினேன். அவள் நாற்காலி காலியாக இருந்தது.

மைக்கில் சுகந்தி

மேடையில் இருந்தாள். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, வகுப்பு அடங்குவதற்குக் காத்திருப்பதைப் போல நின்றாள். கூட்டம் அடங்கியது.

"எங்க அண்ணன் அங்க தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. படம் தப்பா வந்துடுச்சுன்னு நினைக்கிறாங்க. தப்பா வரல. அவன் இப்படித்தான் இருந்தான்."

எவனைச் சொல்கிறாள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சுகந்தி முன்வரிசையைப் பார்த்தாள். அத்தே, ஒன்று கேட்கலாமா என்றாள். பெரியத்தை கேளு என்றார்.

"பேப்பரை மடிச்சு டிராயர்ல போட்டு மூடினானே, அதைப் பாத்தீங்களா?"

பார்த்தேனே என்றார் பெரியத்தை. நாங்களும் பார்த்தோம் என்று பின்னாலிருந்தும் குரல்கள் வந்தன. சத்தம்கூடக் கேட்டதே என்றார் ஒருவர்.

"எல்லாரும் பாத்தீங்க. பாத்ததுக்கு அப்புறமும், பேப்பர் வரலைன்னா அவன் என்ன பண்ணுவான்னு கேக்குறீங்க. எனக்கு அந்த டிராயரை யாரும் காட்டல அத்தே. எனக்கு போன் மட்டும்தான் வந்துச்சு."

கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டு முடித்தவள் போல மைக்கை ஸ்டாண்டில் வைத்தாள்.

பெரியத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மேடைப் படி வரைக்கும் நடந்து போனார்.

"பாத்துட்டே நம்பியிருக்கேனேடி நான்" என்றார். "உன்னைப் போயி அத்தனை தடவை கேட்டேனே."

சுகந்தி படியிறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் மண்டபத்தில் எழுந்த இரைச்சல் இருக்கிறதே, இருநூறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டிராயர் காட்சி முடிந்த பிறகு தனக்கு எந்த இடத்தில் மனம் மாறியது என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னார்கள். சோறு சாப்பிட்ட இடம் என்றார்கள், போன் என்றார்கள், பெட்டியோடு நின்ற இடம் என்றார்கள். திரும்பவும் போடுங்கள் என்று ஒரு கூட்டம் சாதிக்கை மொய்த்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. யாரையாவது கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்து, கையில் அகப்பட்ட குமரேசனைக் கட்டிப் பிடித்தேன்.

பொழுது சாயும்போது சுகந்தியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு காரைக்காலுக்குத் திரும்பினேன். அரசலாற்றுப் பாலத்தில் கடல்காற்று முகத்தில் அடித்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பட்டினத்திலிருந்தே மனதுக்குள் வார்த்தை கூட்டிக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்தால் வேறு ஏதோ வந்தது.

"சுகந்தி, அந்த போன் சீன்ல எனக்கே அவனைப் பாத்தா பாவமா இருந்துச்சு. நானும் உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

அவள் என் தோளில் கையை வைத்தாள்.

"எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சுண்ணே" என்றாள். "எழுதுனவளே நான்தான்."